வேன்ல இடமில்லை

அத்தியாயம் 11

"வேன்ல இடமில்லையாம். அடுத்த தடவ கண்டிப்பா கூட்டிகினு போறாங்களாம்."

வடிவு மகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோகனப்பிரியா நல்ல கவுன் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வயசு.

"மியூசியத்துக்குப் போறப்பவும் இதான் சொன்னே. பழைய ரயிலு வச்சிருக்கிற எடத்துக்குப் போறப்பவும் இதான் சொன்னே."

"நானாடி சொன்னேன்? உங்க பெரியம்மா சொன்னாங்க. போய் கவுன மாத்து. சாம்பார் பட்டுடும்."

"நான் மடியிலகூட உக்காந்துக்குவேன்மா."

"போடின்னா."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமனார் ஞானசேகரன் துருவலை நிறுத்தினார்.

"வேனாம் வேனு. இந்தப் புள்ள எவ்ளோ எடத்த அடைக்கும்? யார் காதுல பூ சுத்தறா அவ?"

"காலையிலயே ஆரம்பிக்காதீங்க மாமா."

"நான் ஆரம்பிக்கல. அவ ஆரம்பிச்சது."

வடிவு அடுத்த தட்டை எடுத்தாள். ஓரகத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் புருஷன் தேவாவும் அவன் அண்ணன் வெங்கட்டும் ஒரு வருஷம் முகம் பார்க்காமல் கிடந்தது நினைவிருக்கும். அண்ணன் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அடுக்குமாடியில் பால் காய்ச்சியபோதுகூட இவர்கள் போகவில்லை. பெரியவர் ஞானசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்த பிறகுதான் போன மாதம் பேச்சு ஒட்டியது. ஒட்டவைத்தவள் வடிவு. ஒட்டவைத்தவளுக்குத்தான் பயம் அதிகம். மறுபடி பிய்ந்துவிடக் கூடாது என்று வருகிறதை எல்லாம் விழுங்குவாள். விழுங்குகிறவளைப் பார்த்தால் இந்த உலகத்துக்கு இன்னும் ஊட்டத்தான் தோன்றும்.

பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டின தெருவில் வாடகை வீடு. முன்பக்கம் டிபன் கடை, பின்பக்கம் குடித்தனம். தேவா ராணுவத்துக்கு வண்டி செய்கிற பேக்டரியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். அதே பேக்டரியில் பெரியவர் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ரிட்டையர் ஆனவர். மூத்தவன் படித்து ஐ.டி.க்குப் போனான். இளையவன் போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தின் மேல்தான் மூத்த மருமகள் மைதிலி குடித்தனம் நடத்துகிறாள்.

*

மைதிலியைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளிடம் ஜாக்கிரதையாக இருக்கலாம். இவள் மாதிரி பயந்தவளிடம்தான் இருக்க முடியாது.

அந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த புதிதில் எவளும் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை ஆனால் குழந்தைகளை மாலுக்குக் கூட்டிப்போய், ஏதாவது ஒரு மிஷினில் ஏற்றி இறக்கி, காசைக் கரைத்துவிட்டு வருவார்கள். மைதிலிதான் கேட்டாள், ஏன் இப்படி? ரயிலில் போவோம். வீட்டிலேயே தயிர்சாதம் கட்டிக்கொள்வோம். எழும்பூரில் மியூசியம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு மாடி வைத்த லைப்ரரி இருக்கிறது. பார்க்கிற இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், கேட்காமல் வீட்டுக்கு வரக் கூடாது.

நல்ல யோசனைதான். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வாய் திறந்தன. "அடுத்த வாரம் எங்க மைதிலி?" என்று லிஃப்டில் நிறுத்திக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மைதிலிக்கு ஒரு இடம் கிடைத்தது.

அதைக் காப்பாற்ற வேண்டுமே. "உங்க மாமனார் என்னவா இருந்தார்?" என்று கேட்டபோது "டிபன்ஸ்ல" என்றாள். அவர்கள் ஆபீசர் என்று நினைத்துக்கொண்டார்கள். இவள் திருத்தவில்லை. "வெங்கட்டுக்குக் கூடப்பிறந்தவங்க?" என்றார்கள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

இந்தச் சனிக்கிழமைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், நமக்கு உதவுகிறவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வருகிற பாடம். முதலில் தபால் ஆபீஸ். அது நன்றாகவே போனது. அடுத்தது தீயணைப்பு நிலையம். போய்ப் பார்த்தால் வண்டி எங்கேயோ நெருப்பு அணைக்கப் போய்விட்டது. வெறும் ஷெட்டைப் பார்த்துப் பிள்ளைகள் ஓவென்று அழுதன.

"சிவப்பு வண்டி எங்க? சிவப்பு வண்டி காட்டறேன்னு சொன்னீங்க!"

அப்போதுதான் ஷோபனா அதைச் சொன்னாள். ஷோபனா இரண்டாவது மாடி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, மனசில் ஒன்றும் கிடையாது.

"மைதிலி, இங்கேர்ந்து பட்டாபிராம் பக்கம்தானே? ஸ்டேஷன்கிட்ட ஒரு டிபன் கடை. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனா அங்கதான் சாப்பிடுவார். அந்தக்கா ரொம்ப நல்ல மாதிரியாம். சமைக்கிறவங்களும் நமக்கு உதவறவங்கதானே? பசங்களுக்கு ரயிலும் ஆச்சு, டிபனும் ஆச்சு."

மைதிலி முகத்தைச் சுளித்தாள்.

"அங்கயா? ஒரே ஈ மொய்க்கும் ஷோபனா."

அந்தக் கடையில் போன மாதம் உட்கார்ந்து ஈ இல்லாத இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கு நிறைய வடகறியும் வாங்கிப்போனவள் இவள்.

"சேச்சே, அப்படி இருந்தா அவர் சாப்பிடுவாரா? வாங்க பசங்களா, ரயில்!"

ரயில் என்றதும் பிள்ளைகள் அழுகையை விட்டன. இனி யார் நிறுத்துவது? மைதிலி நிறுத்தியிருக்கலாம். "அது எங்க வீடு, என் ஓரகத்திதான் அந்தக்கா" என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்தது. எவளும் இவளைக் கடித்துத் தின்றிருக்க மாட்டாள்.

அவள் சொல்லவில்லை. ரயிலில் ஜன்னலோரம் மகனை இழுத்து வைத்துக்கொண்டு காதில் சொன்னாள்.

"விக்ரம், இப்ப ஒரு விளையாட்டு. அங்க சித்தியும் தாத்தாவும் இருப்பாங்க. நீ அவங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும். சரியா?"

"பிரியாவையும் தெரியாதாம்மா?"

"அவளையும்தான்."

"யாரு ஜெயிப்பாங்க?"

மைதிலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஹிந்து காலேஜ் ஸ்டேஷன் போய்க்கொண்டிருந்தது.

*

கடை வாசலில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றபோது வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைதிலியைப் பார்த்துவிட்டாள். பிரியாவை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, இட்லி இருக்குமா?"

மைதிலிதான் கேட்டாள். வடிவை நேராகப் பார்த்து, "ஏங்க" என்று கேட்டாள்.

வடிவுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. படிக்காதவளுக்கு எல்லாம் தாமதமாகப் புரியும் என்று நினைக்கிறார்கள். இந்த மாதிரி விஷயம் மட்டும் உடனே புரியும். பழக்கம்.

"இருக்குது மேடம். உக்காருங்க."

உள்ளே பெரியவர் பேரனைப் பார்த்துவிட்டார். "அட, விக்…"

"மாமா! உள்ள போய் வாழையிலை எடுத்தாங்க."

"இலை இங்கயே கீதே வடிவு."

"அது வாடிக் கீது. வேற எடுத்தாங்க."

அவர் நகரவில்லை. மூத்த மருமகளைப் பார்த்தார். அவள் ஒரு குழந்தைக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரமாக. பெரியவரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார். அசையமாட்டேன் என்கிற மாதிரி.

சத்தம் கேட்டு பிரியா ஓடி வந்தாள். வாயைத் திறந்தாள். விக்ரம் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது.

பிள்ளைகள் சாப்பிட்டன. ஷோபனா கை தட்டினாள்.

"ஆன்ட்டியை ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கணும். யார் முதல்ல?"

"ஆன்ட்டி, இட்லி ஏன் நடுவுல குண்டா இருக்கு?"

"தட்டுல குழி இருக்குதில்ல கண்ணு, அதான்."

"ஆன்ட்டி, நீங்க எப்ப தூங்குவீங்க?"

"தூங்கறதா? எங்க மாமாவ கேளு. அவருதான் இந்த ஊட்ல தூங்கறவரு."

பிள்ளைகள் சிரித்தன. பெரியவர் சிரிக்கவில்லை.

"விக்ரம், நீ கேட்கலையே?" என்றாள் ஷோபனா. "மைதிலி பையனே கேட்காம இருந்தா எப்படி? சரி, ஆன்ட்டி பேர் என்னன்னு கேளு."

விக்ரம் அம்மாவைப் பார்த்தான். மைதிலி "கேளுடா" என்றாள். சொன்னாள். இந்த வாயால் சொன்னாள்.

"ஆன்ட்டி, உங்க பேர் என்ன?"

இவன் பிறந்தபோது மைதிலிக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப்போட்டவள் வடிவு. இவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் வடிவு. சண்டை எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

"வடிவு, தம்பி," என்றாள்.

"தேங்க்யூ ஆன்ட்டி," என்றான் விக்ரம். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை.

கிளம்பும்போது ஷோபனாவின் கண் பிரியா மேல் விழுந்தது.

"உங்க பொண்ணாக்கா? சுட்டியா இருக்கா. அடுத்த சனிக்கிழமை எங்களோட அனுப்புங்களேன்."

வடிவு தட்டுகளை அடுக்கினாள். "உங்க வேன்ல எடம் இருக்குமாம்மா?"

"வேனா? எங்க வேன் பிடிக்கிறோம்! எங்க போனாலும் ரயில்தான். எங்க மைதிலி போட்ட சட்டம் அது. ரயில்ல எத்தனை பசங்க ஏறினா என்ன? அதோ ஜன்னல் பக்கம் நிக்கிறாளே ஜமீலா, எங்க வாட்ச்மேன் இஸ்மாயில் பாய் பொண்ணு. அவகூட முதல் தடவையிலேர்ந்து வர்றா. அப்படித்தானே மைதிலி?"

மைதிலி தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வடிவு கையில் இருந்த தட்டுகள் அடுக்காமலேயே நின்றன. ரயில். வேன் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வாட்ச்மேன் பெண்ணுக்கு இடம் இருந்தது. அது நல்ல காரியம், அந்தக் குழந்தை நன்றாக இருக்கட்டும். வாட்ச்மேன் பெண்ணைக் கூட்டிப்போனால் பெருந்தன்மை. கொழுந்தன் பெண்ணைக் கூட்டிப்போனால் உறவு. உறவுக்குத்தான் இடமில்லை.

*

"மூஞ்சியப் பாத்தியா அவ மூஞ்சிய!" பிள்ளைகள் தெருமுனை திரும்பியதும் பெரியவர் வெடித்தார். "என்னைக் கடைக்கு வந்த எவனோ ஒருத்தனா பாத்தா! ரிட்டையர் ஆவுற வரைக்கும் கிரீஸுல கை வச்சவன்டா நான்! அந்தக் கையால வாங்கித் தின்னுட்டுத்தான் அவ புருஷன் படிச்சான்! நீ எதுக்கு என் வாய அடைச்சே? எலை எடுத்துகினு வரணுமா எலை!"

"மாமா, டாக்டர் இன்னா சொன்னாரு? கத்தாதீங்க."

"செத்தா சாவறேன்!"

வடிவு உள்ளே போனாள். இந்த முறையும் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். தேவாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் போய் அண்ணன் சட்டையைப் பிடிப்பான். அப்புறம் மறுபடி ஒரு வருஷம். மாமனார் உடம்பு தாங்காது.

பிரியா பாயில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் எல்லாம் வெளிச்சம்.

"அம்மா, நான் கரெக்டா இருந்தேனா?"

"இன்னா கரெக்டா?"

"விக்ரம் கைகழுவ வந்தப்ப சொன்னான். அது விளையாட்டாம். பெரியம்மான்னு கூப்பிடக் கூடாதாம். யாரு கூப்பிடலயோ அவங்கதான் ஜெயிச்சவங்களாம். நான் கூப்பிடவே இல்லம்மா! வாயில வந்துச்சு, மூடிகினேன். நான் ஜெயிச்சேன் இல்ல? அப்ப அடுத்த தடவ என்னைக் கூட்டிகினு போவாங்க இல்ல?"

வடிவு மகளை இழுத்துக் கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. இத்தனை நாள் விழுங்கியது அவள் வயிற்றுக்குள் போனது. இது மகளுக்குள் போய்விட்டது. ஆறு வயசில், தன் சொந்தத்தைத் தெரியாத மாதிரி நடித்தால் பரிசு கிடைக்கும் என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. இதுதான் இன்றைய பாடம். செலவில்லாமல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் தேவா வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது கடை அடைத்திருந்தது. மாவு ஆட்டவில்லை. வடிவு புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

தேவா ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் மாட்டினான்.

"நில்லு," என்றாள் வடிவு. "எங்க போறே?"

"எங்க போறனா? அவன் ஊட்டுக்குத்தான். பொண்டாட்டிய இப்படியா வச்சிருக்கறதுன்னு நாலு பேர் எதிர்ல கேக்கறேன்."

"நீ போனா அடிதடி ஆவும். அப்புறம் தப்பு உன் மேல வந்துடும். அவங்க நல்லவங்க ஆயிடுவாங்க. ஆட்டோ புடி. எல்லாரும் போறோம். பேசறது நான்."

"நீயா?" தேவா அவளை வேறு யாரோ மாதிரி பார்த்தான். "நீதானே எப்பப் பார்த்தாலும் வுடுய்யா, வுடுய்யான்னுவே?"

"இவ்ளோ நாள் வுட்டேன். அதான் எம் பொண்ணு வரைக்கும் வந்துச்சு."

பெரியவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

*

பருத்திப்பட்டு அடுக்குமாடியின் கேட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். இஸ்மாயில் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான்.

"யாரப் பாக்கணும்மா?"

"வெங்கட் ஊட்டுக்கு."

அவன் பார்வை பிரியா மேல் போய், வடிவு மேல் வந்தது. "நீங்க… இட்லி கடை அக்காவா? எம் பொண்ணு ஜமீலா காட்னா, உங்க கடையில எல்லாருமா எடுத்த போட்டோவ. அப்போலேர்ந்து உங்க சட்னிதான் பேச்சு. ஊட்ல என் சம்சாரத்துக்கு ஒரே கோவம்."

"வரச் சொல்லுங்கண்ணே, இன்னொரு நாளு அவங்களையும்."

"இருங்க, மேல கேட்டுட்டு அனுப்பறேன். இங்க ரூல்ஸ் அப்படி." இண்டர்காமை எடுத்தான். "மேடம், கேட்லேர்ந்து. ஒரு குடும்பம் வந்துகீது. பெரியவரு ஒருத்தரு, அந்தப் பட்டாபிராம் கடை அக்கா, அவங்க ஊட்டுக்காரரு, ஒரு பாப்பா. உங்களுக்கு… ஆங்? இல்ல மேடம், உங்க ஊடுன்னுதான் சொல்றாங்க. சரிங்க மேடம். சரிங்க."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவன் இவர்களைப் பார்த்தான். பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"இன்னா சொல்றாங்க?" தேவாவின் குரல் தடித்தது.

"அது… கடைக்காரங்க, ஏதோ டிபன் ஆர்டர் விஷயமா வந்திருப்பாங்க, கீழயே நிக்கச் சொல்லுன்னு சொல்றாங்கண்ணே. அங்க மத்த மேடமெல்லாம் வந்து, அடுத்த வாரத்துக்குப் பேசிகினு இருக்காங்களாம்."

பெரியவர் கேட்டின் கம்பியைப் பிடித்தார். "டேய், நான் அவ மாமனார்டா! எம் புள்ள ஊடுடா இது!"

இஸ்மாயில் ரிசீவரை வைக்காமல் கையால் பொத்திக்கொண்டான். அப்புறம் எட்டி, சின்னக் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினான். "போங்கய்யா. எவனாவது கேட்டா நான்தான் வுட்டேன்னு சொல்லிக்கறேன். போனா வேலைதானே."

தேவா உள்ளே காலை வைத்தான். வடிவு அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம். உங்க வேலை எதுக்குண்ணே போவணும்? திருட்டுத்தனமா நுழைய நாங்க ஒண்ணும் வேத்தாளு இல்ல." இஸ்மாயிலிடம் கையை நீட்டினாள். "லைன்ல இருக்காங்களா? அந்த போனக் குடுங்க."

கொடுத்தான்.

போனுக்குள் பெண்கள் சிரிக்கிற சத்தம், யாரோ காபி கேட்கிற சத்தம். அதற்கு இந்தப் பக்கம் ஒரு மூச்சு.

"மைதிலியக்கா, நான்தான். ஆர்டர் ஒண்ணும் இல்ல. பிரியாவோட பெரியப்பாவக் கொஞ்சம் கீழ எறங்கி வரச் சொல்லுங்க. அவங்க அப்பா கேட்டுக்கு வெளிய நின்னுகினு கீறாரு."



"யாரு மைதிலி போன்ல?" ஷோபனாவின் குரல் நன்றாகக் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு ஆம்பிளைக் குரல். வெங்கட். "யாரு வந்திருக்கா?"

மூச்சு மட்டும் வந்தது.

வடிவு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, மாமனாருக்கும் புருஷனுக்கும் கேட்கிற மாதிரி நடுவில் பிடித்தாள். இன்னொரு கை பிரியாவின் தோளில் இருந்தது.

"கேக்கறாங்க இல்லக்கா? சொல்லுங்க. நாங்க யாருன்னு உங்க வாயால சொல்லுங்க. எம் பொண்ணு கேட்டுகினு கீறா."